மூடி போட்ட பெல்மெட்

நைட் டூட்டி முடித்துவிட்டு வந்து பகலில் தூங்குகிறவர்களைக் கேட்டால், வீட்டுக்குள் வெளிச்சம் எந்தெந்தச் சந்தில் நுழைகிறது என்று படமே போட்டுக் காட்டுவார்கள். கதவுக்கு அடியில் வரும். ஏசி குழாய் போன ஓட்டையைச் சுற்றி வரும். எங்கள் படுக்கையறையில் அது திரைச்சீலையின் தலைமாட்டில் வந்தது. ஜன்னலுக்குக் கனமான பிளாக்அவுட் திரைதான் போட்டிருந்தோம். துணிக்குள் ஒரு பொட்டு வெளிச்சம் ஊடுருவாது. ஆனால் ராடுக்கும் சுவருக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி இருக்கிறதே, அது வழியாக மேலே ஏறி, வெள்ளை சீலிங்கில் நீளமாக ஒரு பட்டை விழும். எங்கள் ஜன்னல் மேற்குப் பார்த்தது, காலையில் நேர் வெயில் கிடையாது. எதிர் பிளாக்கின் சுவருக்கு வெள்ளைப் பெயின்ட். காலை ஒன்பது, பத்து மணிக்கு அந்தச் சுவர் வாங்குகிற வெயிலெல்லாம் எங்கள் சீலிங்குக்கு வந்து சேரும். மல்லாந்து படுத்தால் அந்தப் பட்டைக்குக் கீழே ஃபேன் இறக்கைகள் சுற்றும். கண்ணை மூடினாலும் இமைக்குள் ஒரு துடிப்பு தெரியும்.

கண்ணைக் கட்டிக்கொள்ள வேண்டியதுதானே என்பார்கள். கட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், சென்னை வேர்வையில் அது அரை மணி நேரத்தில் நெற்றிக்கு ஏறிவிடும். இது சொகுசு பிரச்சினையும் இல்லை. கண்ணில் வெளிச்சம் பட்டால் மெலட்டோனின் என்ற தூக்க ஹார்மோனின் சுரப்பு குறையும் என்பதை நர்சிங் படித்த யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. தூக்கத்தையும் விழிப்பையும் நடத்த உடம்புக்குள் ஓடும் கடிகாரம் எப்படி இயங்குகிறது என்று கண்டுபிடித்த மூன்று பேருக்கு 2017-இல் மருத்துவ நோபல் பரிசே கொடுத்தார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, இரவுப் பணியை ‘அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும்’ என்ற பட்டியலில் 2007-இல் சேர்த்தது. 2019-இல் மறுபடி பார்த்துவிட்டும் எடுக்கவில்லை. இதையெல்லாம் தெரிந்து வைத்துக்கொண்டு, ஒரு பட்டை வெளிச்சத்தை மறைக்க வழியில்லாமல் படுத்துக் கிடப்பதுதான் எரிச்சல்.

பெல்மெட், அதாவது திரைக் கம்பியை மறைக்க ஜன்னலுக்கு மேலே மாட்டும் பெட்டி, போட்டால் சரியாகிவிடும் என்று எனக்குத் தோன்றியது. அப்போதுதான் தெரிந்தது, பெல்மெட் என்ற சாமானைப் பற்றி ஊரில் எல்லோருக்கும் ஒரு அபிப்பிராயம் இருக்கிறது. எல்லோருக்கும் ஒரே அபிப்பிராயம்தான். “சிஸ்டர், இப்பல்லாம் யாரு பெல்மெட் போடறாங்க? அது அந்தக் காலத்து கவர்மென்ட் குவார்ட்டர்ஸ் மாடல். ஃபால்ஸ் சீலிங் போட்டு, அதுக்குள்ளயே கர்ட்டனுக்குப் பள்ளம் விட்டுடலாம்” என்றார் வந்து பார்த்த கார்பென்டர். அவர் சொன்ன தொகையைக் கேட்டதும் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்தது. என் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே, மெரூன் வெல்வெட்டில் தைத்து தங்கக் குஞ்சலம் கட்டிவிட்டால் ரிசப்ஷன் மேடை ரெடி என்றார். மாமியார் ஒரே வார்த்தையில் முடித்தார்: “பல்லி.”

அவர்கள் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. எழுபது எண்பதுகளில் கட்டிய வீடுகளில் பார்த்திருப்பீர்கள். பளபளவென்று மைக்கா ஒட்டிய பெட்டி, அதன் தலையில் ஸ்கூலில் வாங்கிய ஷீல்டு, ஆக்ராவிலிருந்து வந்த தாஜ்மகால், கீழே ஸ்பிரிங் கம்பியில் தொங்கும் மெல்லிசுத் திரை. அந்தத் திரை எதையும் மறைக்காது, பெல்மெட் கம்பியை மட்டும் மறைக்கும். அப்படிப்பட்ட ஒன்றை இன்று யாரும் வேண்டாம் என்பதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் கனத்த திரையும் ஏசியும் வந்த பிறகு, பெல்மெட்டுக்கு முதல் முறையாக ஒரு உண்மையான வேலை கிடைத்திருக்கிறது. சரியாக அந்த நேரத்தில்தான் அதைக் கழற்றிப் போட்டிருக்கிறோம்.

அட்டைப்பெட்டி வைத்துப் பார்த்தது

பலகை வாங்குவதற்கு முன்னால் அட்டையில் செய்து பார்க்கலாம் என்பது என் வீட்டுக்காரருடைய யோசனை. டிவி வந்த பெட்டி பரணில் கிடந்தது. அதை நீளமாக அறுத்து, ஸ்டூலில் ஏறி, திரைக்கு முன்னால் பிடித்துக்கொண்டு நின்றார். நான் தலையணையில் தலை வைத்து, தூங்கும்போது எப்படிப் படுப்பேனோ அப்படிப் படுத்துக்கொண்டேன். ஃபோட்டோக்களில் பார்க்கும் அழகழகான பெல்மெட்டுகள் பாதிக்கு மேல் இப்படித்தான் இருக்கின்றன: முன்னால் ஒரு பலகை, அதன் மேல் துணி, பக்கத்துக்கு ஒரு சின்ன மடக்கு. மேலே திறந்த வெளி.

பட்டை அப்படியே இருந்தது. அட்டையை ஏற்றச் சொன்னேன், இறக்கச் சொன்னேன். சுவரை ஒட்டிக் கிளம்புகிற வெளிச்சம் அட்டைக்குப் பின்னாலேயே ஏறி, சீலிங்கில் இருந்த இடத்தில் இருந்தது. கை வலிக்கிறது என்று அவர் அட்டையை இறக்கி, ராடு மாட்டிய பிராக்கெட்டுகளின் மேல் சும்மா படுக்கைவாட்டில் வைத்தார். அறை இருண்டுவிட்டது. விளக்கை அணைத்தது போல என்று சொல்லமாட்டேன், ஆனால் சீலிங்கில் ஃபேனின் கப் எது, கொக்கி எது என்று தெரியாத அளவுக்கு இருண்டது. முன் பலகை இல்லை, துணி இல்லை, ஒன்றும் இல்லை. ஒரு முழம் அகலம்கூட இல்லாத ஒரு மூடி, அவ்வளவுதான்.

“அப்ப முன்னாடி எதுவுமே வேண்டாமே?” என்றார். எனக்கும் கொஞ்ச நேரம் அப்படித்தான் தோன்றியது. ஆஸ்திரேலியா போன்ற இடங்களில் குளிரைத் தடுக்க இந்த மூடியை மட்டும் தனியாக வைத்துவிட்டு, வெளியே தெரியாமல் விடுகிற வழக்கமும் உண்டு. ஆனால் கண் இருட்டுக்குப் பழகப் பழக, திரையின் உச்சியில் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு முளைத்தது. எங்களுடையது வளையம் வைத்த திரை. ராடு துணிக்குள் புகுந்து புகுந்து போகும், உச்சி அலை அலையாக நிற்கும், ராடுக்கு மேலே ஒன்றரை அங்குலம் துணி நீட்டிக்கொண்டிருக்கும். மேலே ஏறிய வெளிச்சம் மூடியில் மோதித் திரும்பி, அந்த அலைகளுக்கு இடையே முன்னால் கசிகிறது. அதைப் பிடிக்கத்தான் முன் பலகை. ஆக, மூடி வேலை செய்கிறது, முன் பலகை அது விட்டதைப் பொறுக்குகிறது. துணி இரண்டையும் பார்க்கிற மாதிரி ஆக்குகிறது. பெல்மெட் செய்வது பற்றி யார் பேசினாலும் இந்த வரிசையைத் தலைகீழாக, துணியிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

மூடி வெயிலுக்கும் உதவும். மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் எங்கள் ஜன்னல் கண்ணாடி கொதிக்கும். கண்ணாடிக்கும் திரைக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட காற்று சூடாகி மேலே ஏறி, திரையின் தலை வழியாக அறைக்குள் கொட்டும். அந்த இடத்தை நிரப்ப, ஏசி குளிர்வித்த காற்று தரையோரம் திரைக்கு அடியில் நுழையும். விடாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். குளிர் நாடுகளில் இதே சுற்று தலைகீழாக ஓடும்: கண்ணாடியில் குளிர்ந்த காற்று கீழே வழிந்து காலைத் தொடும், மேலே அறையின் சூடான காற்று உள்ளே போகும். இரண்டுக்கும் மருந்து, மேல் வாயை அடைப்பதுதான். முன் பலகை மட்டும் வைத்தால் இதுவும் நிற்காது.

பலகையும் சுவரும்

ப்ளைவுட் கடையில் 12 எம்.எம். கேட்டோம். பெல்மெட்டுக்கு ஈரப்பதம் மட்டும் தாங்கும் 303 எம்ஆர் கிரேடே போதும், தண்ணீர் படாத சாமான் என்றார் கடைக்காரர். சாதாரணமாக அவர் சொன்னது சரி. ஆனால் ஆகஸ்ட், செப்டம்பரில் சாயங்கால இடிமழை சென்னையில் மேற்கிலிருந்து அடிக்கும். அந்தச் சுவரில் ஓதம் ஏறுவதைப் பார்த்திருக்கிறோம். அதனால் தண்ணீரை இன்னும் நன்றாகத் தாங்கும் பிடபிள்யூஆர் கிரேடு வாங்கினோம். படகுக்கே ஆகும் 710 மரைன் ப்ளை எல்லாம் இதற்குத் தண்டம். கடையிலேயே மெஷினில் அறுத்துத் தருவார்கள். வீட்டில் ரம்பம் போட்டு நேர்க்கோடு அறுக்க முயற்சி செய்ய வேண்டாம்.

ராடு ஆறடி. இரண்டு பக்கமும் ராடின் முனைக் குமிழ் இடிக்காமல் இருக்க பெல்மெட்டுக்கு 6 அடி 4 அங்குலம் வைத்தோம். ஆழம் 7 அங்குலம்; ராடு சுவரிலிருந்து மூன்றரை அங்குலம் தள்ளி நிற்கிறது, அதற்கு முன்னால் திரையின் அலை இன்னும் மூன்று அங்குலம் வரும். இதைக் குறைத்தால் திரையை இழுக்கும்போதெல்லாம் பலகையில் உரசும். முன் பலகையின் உயரம் திரையின் நீளத்தில் ஐந்தில் ஒன்றோ ஆறில் ஒன்றோ இருந்தால் கண்ணுக்குச் சரியாக இருக்கும் என்பார்கள். ஏழடித் திரைக்கு 14 அங்குலம் எடுத்தோம். ஜன்னலின் மேல் பாகம் கொஞ்சம் மறையும். பகலில் தூங்கும் அறைக்கு அது நஷ்டமில்லை. உள்பக்கம் முழுக்கக் கரும்பலகைப் பெயின்ட் அடித்தேன். மேலே மோதும் வெளிச்சம் திரும்பிக் கீழே வராமல் அங்கேயே செத்துப் போகட்டும் என்று.

மாட்டுவதுதான் கஷ்டம், அதற்குக் காரணம் லிண்டல். நம் வீடுகளில் ஜன்னலுக்கு நேர் மேலே ஓடுவது கான்கிரீட் பட்டை. சாதாரண டிரில் அதில் ஓட்டை போடாது, சத்தம் மட்டும் போடும்; அதிர்ஷ்டம் இல்லையென்றால் உள்ளே கம்பியில் போய் நிற்கும். திரை மாட்ட வருகிறவர்கள் இரண்டு ஸ்குரூவில் ஒன்றை மட்டும் முடுக்கிவிட்டுப் போவதன் ரகசியம் இதுதான். பெல்மெட்டுக்கு ஒரு வசதி, அதை ராடுக்கு மேலே தள்ளி மாட்டலாம். லிண்டல் பெரும்பாலும் அரை அடி உயரம். அதைத் தாண்டிவிட்டால் செங்கல். டிரில் பிட்டிலிருந்து விழும் தூளைப் பார்த்தாலே தெரிந்துவிடும். சாம்பலாக வந்தால் இன்னும் கான்கிரீட், இரண்டு அங்குலம் ஏறு. சிவப்பாக வந்தால் நிறுத்து, இதுதான் இடம். கீழ் வீட்டிலிருந்து கடன் வாங்கிய டிரில்லோடு அவர் மேலே நிற்க, நான் கீழே ஒரு நியூஸ் பேப்பரை ஏந்திக்கொண்டு தூளின் நிறத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்று எல் ஆங்கிள்கள் சுவரில். மூடி அவற்றின் மேல் உட்காரும், அடியிலிருந்து ஸ்குரூ. கழற்ற வேண்டுமென்றால் பெட்டியாகவே தூக்கி எடுத்துவிடலாம்.

சுவரும் மூடியும் சேரும் இடத்தில் ஒரு மயிரிழை தெரிந்தது. பூச்சு எந்தச் சுவரிலும் நேராக இருக்காது. கதவு இடுக்கில் ஒட்டும் ஸ்பாஞ்ச் டேப்பை மூடியின் பின் விளிம்பில் ஒட்டி அழுத்தியதும் அது அடைந்தது.

பெட்ஷீட் வந்த வழி

துணிக்கு எழும்பூர் பாந்தியன் சாலைக்குப் போனேன். காட்டன் ஸ்ட்ரீட் என்று ஆட்டோக்காரர்களுக்குச் சொன்னால் போதும். கடை கடையாகத் திரைத்துணி, சோபாத்துணி, எக்ஸ்போர்ட் மிச்சம். பிடித்த துணிகள் நிறைய இருந்தன, ஆனால் எல்லாம் 48 அல்லது 54 அங்குல அகலம். எனக்கு வேண்டியது 76 அங்குல முகம், பக்கத்துக்கு ஏழு ஏழு, உள்ளே மடிக்க இரண்டு இரண்டு: மொத்தம் 94. அகலவாட்டில் வைத்தால் ஒட்டுப் போட வேண்டும். ஒட்டுப் போடுவதென்றால் நடுவில் தையல் வரக்கூடாது, நடுவில் முழுத் துண்டும் இரண்டு ஓரத்திலும் சின்னத் துண்டுகளும் வர வேண்டும். டிசைன் சேர வேண்டும். துணியை நீளவாட்டில் படுக்க வைத்தால் ஒட்டு வேண்டாம், ஆனால் பூவெல்லாம் பக்கவாட்டில் படுத்துக்கொள்ளும், நெட்டுக்கோடு குறுக்குக் கோடாகும்.

அதே சாலையில்தான் கோ-ஆப்டெக்ஸ் தலைமையகமும் இருக்கிறது. உள்ளே போனது ஏசிக்காகத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்னிமலை டபுள் பெட்ஷீட் ஒன்று, கருநீலத்தில் வெள்ளைக் கட்டம், 90-க்கு 100 அங்குலம். நூறு அங்குலத்தில் என் 94 ஒட்டே இல்லாமல் அடங்கியது. கைத்தறிதான், நெய்வு கெட்டியாக இருந்தது, இழுத்தால் இழுத்த இடத்தில் நின்றது. ஒரு ஷீட்டில் பெல்மெட் போக, இரண்டு தலையணை உறைக்கும் மிச்சம் கிடைத்தது. வாங்கியதும் அப்படியே போர்த்திவிடக் கூடாது. முதலில் நனைத்து, சாயம் போகிற வரை அலசி, காயவைத்து, தேய்த்துக்கொள்ள வேண்டும். சுருங்குவதெல்லாம் பலகைக்கு வரும் முன் சுருங்கட்டும்.

முகத்துக்கு 6 எம்.எம். ஃபோம் ஒட்டினேன். அதற்கு மேல் தடித்தால் பெல்மெட் சோபா ஆகிவிடும், விளிம்பெல்லாம் உருண்டுவிடும். ஃபோமுக்கு மேலே ஒரு சுற்று காடா துணி. பலரும் இதை விட்டுவிடுவார்கள். எனக்கு இது அவசியம் என்று தோன்றுகிறது. நேராக ஃபோமின் மேல் துணியை இழுத்தால் அது ஃபோமைப் பிடித்துக்கொண்டு வழுக்காது, சரிசெய்ய முடியாது. காடாவின் மேல் வழுக்கும்.

கட்டம் போட்ட துணி அழகு, ஆனால் துளி கோணலும் அதில் தெரிந்துவிடும். ப்ளெயின் துணியில் யார் கண்ணிலும் படாத கோணல், கட்டத்தில் வாசலிலிருந்தே தெரியும். நீளவாட்டில் ஓடும் பாவு நூல் பலகையின் விளிம்புக்கு இணையாக ஓடுகிறதா என்று முதலில் பார்த்தேன். பிறகு நடு மேலே ஒரு ஸ்டேபிள், நடு கீழே ஒன்று. அங்கிருந்து இடது வலதாக, மேலே ஒன்று கீழே ஒன்று என்று மாற்றி மாற்றி. இழுக்கும் பலம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஓர் இடத்தில் கூடுதலாக இழுத்தால், அந்த ஸ்டேபிளை நோக்கிக் கட்டத்தின் வெள்ளைக் கோடு வில்லாக வளையும். பக்கத்து ஸ்டேபிளுக்கு வந்ததும் மறுபடி எழும்பும். கிட்டே போய்ப் பார்த்தால் விளிம்பு முழுக்க அலை. அதனால் முதலில் இரண்டு அங்குலத்துக்கு ஒன்றாகத் தளர்வாக அடித்துக்கொண்டு போய், கோடு நேராக இருப்பதைப் பார்த்துவிட்டு, நடுவில் இருக்கும் இடங்களை நிரப்பினேன். இது பொறுமை கேட்கிற வேலை. ஆனால் ராத்திரி முழுக்க டிரிப் எண்ணுகிறவளுக்குப் பொறுமை பெரிய விஷயம் இல்லை.

மேல் மூலையில் துணி மூடியின் மேல் மடிகிற இடத்தில் ஒரு குவியல் சேரும். அதைக் கத்தரியால் வெட்டுகிறவர்கள் உண்டு. நான் முதல் வருஷம் பெட் மேக்கிங் வகுப்பில் கற்ற மடிப்பைப் போட்டேன். ஓரத்தை 45 டிகிரியில் தூக்கி மேலே வைத்து, தொங்குவதை உள்ளே தள்ளி, தூக்கியதை இறக்கிவிட்டால் கத்தரி இல்லாமல் உறை மாதிரி மூலை நிற்கும். டூட்டர் மேடம் ஸ்கேல் வைத்துப் பார்ப்பார் அந்த மூலையை. கை மறக்கவே இல்லை.

பல்லியும் மற்றவையும்

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். ஸ்டேபிள் அடித்த துணியைக் கழற்றித் துவைக்க முடியாது. வாக்குவம் குழாயால் உறிஞ்சுவதுதான் வழி. மூடியின் தலையில் தூசி சேரும், மாதம் ஒருமுறை ஈரத்துணி வைக்க வேண்டும். ஜன்னலுக்கு நேர் மேலே ஸ்ப்ளிட் ஏசி மாட்டியிருந்தால் இந்த வேலையையே மறந்துவிட வேண்டியதுதான். பல்லி வந்தது. மாமியாருக்குச் சந்தோஷம். ஆனால் பெல்மெட் வருவதற்கு முன்பு அது குடியிருந்தது டியூப்லைட்டுக்குப் பின்னால். வீடு மாறியிருக்கிறது, புதிதாக வரவில்லை.

பார்க்க வருகிறவர்கள் துணியைத்தான் பாராட்டுகிறார்கள். என் நாத்தனார் ஹாலுக்கும் இதே மாதிரி ஒன்று செய்து கொடுங்கள் அண்ணி, ஆனால் அந்த மேல் பலகை வேண்டாம், வெயிட் குறையும் என்றாள். ஹாலில் யாரும் பகலில் தூங்கப் போவதில்லை, மெல்லிசுத் திரைதான், அங்கே முன் பலகைகூட எதற்கு என்று கேட்டேன். அழகுக்குத்தான் என்றாள். அழகுக்கு என்றால் ராடே நன்றாகத்தான் இருக்கிறது என்பது என் கட்சி. இதில் இன்னும் சமரசம் ஆகவில்லை.

எங்கள் வார்டில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி வாடகை வீட்டில் இருக்கிறாள். ஹவுஸ் ஓனர் ஆணி அடிக்க விடமாட்டாராம். அவளுக்கு பெல்மெட்டே வேண்டாம் என்று சொன்னேன். ஏதாவது பெட்டி அட்டையை ஆறு அங்குல அகலத்துக்கு அறுத்து, அடியில் கறுப்பு சார்ட் பேப்பர் ஒட்டி, ராடு பிராக்கெட்டின் மேல் படுக்க வைத்து, சுவரோரம் டேப் போட்டால் பத்தில் எட்டு பங்கு வேலை முடிந்தது; மீதியைச் சொந்த வீடு வரும்போது பார்த்துக்கொள்ளலாம். மறுநாள் போன் செய்து, அட்டைக்கு மேலே ஒட்ட என்ன கலர் துணி வாங்கட்டும் அக்கா என்று கேட்டாள். ராடுக்கும் சுவருக்கும் எத்தனை அங்குலம் என்று முதலில் அளந்து சொல்லச் சொல்லியிருக்கிறேன்.